கீழாநெல்லியும் காமாலையும்: ஒரு மூலிகை சோதிக்கப்பட்ட வரலாறு

வயல் வரப்பிலும், வாய்க்காற் கரையிலும், தோட்டக்கால்களிலும் மழை பெய்த சில நாட்களுக்குள் தானே முளைத்தெழும் பூண்டுகளுள் கீழாநெல்லியும் ஒன்று. களையெடுக்கும் பெண்கள் மற்றப் பூண்டுகளோடு இதனையும் பிடுங்கி வரப்பில் எறிந்துவிடுவர். ஆயினும் வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், முதல் நாள் எறிந்த அப்பூண்டையே மறுநாள் தேடிக்கொண்டு போவர். அதனை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காயளவு எடுத்து மோரிலாவது ஆட்டுப்பாலிலாவது கலக்கி, விடியற்காலையில் வெறுவயிற்றிற் கொடுப்பதும், உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் வைப்பதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழிவழியாக வந்த வழக்கம். சித்த வைத்தியர் இதனைக் கீழ்க்காய் நெல்லி என்றும், ஆயுர்வேத வைத்தியர் பூம்யாமலகி என்றும் வழங்குவர். மரநெல்லியும் இப்பூண்டும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இம்மூலிகையைப் பற்றி இருவகையான பேச்சு உண்டு. முன்னோர் சொல்லிவிட்டதால் வேறு சோதனை வேண்டுவதில்லை என்பது ஒன்று. பச்சிலை வைத்தியம் முழுவதும் மூடநம்பிக்கை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சோதித்துப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்ப்பதற்கு ஏற்பட்ட வழிகளே. கீழாநெல்லியோ மெய்யாகவே சோதிக்கப்பட்ட மூலிகை. சென்னையிலும், அமெரிக்காவிலும், தாய்லாந்திலும், நியூசிலாந்திலும் அதனைக் கொண்டு ஆராய்ச்சிகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. ஏன் ஒத்துவரவில்லை என்பதை அறிவது, இதனைப் பயிர் செய்து மருந்துக் கடைகளுக்கு விற்க எண்ணும் குடியானவருக்கு மிகவும் பிரயோஜனமானது. ஏனெனில் அதற்குரிய காரணங்களுள் ஒன்று கழனியிலேயே இருக்கிறது.

காமாலை என்பது யாது?

காமாலை ஒரு தனி வியாதியன்று; பல வியாதிகளுக்குப் பொதுவான ஒரு குறி. இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் ஆயுள் முடிந்து சிதையும்போது மஞ்சள் நிறமான ஒரு பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனைப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு குடலுக்குள் தள்ளுகிறது. கல்லீரல் கெட்டாலும், பித்தக் குழாய் அடைபட்டாலும், சிவப்பு அணுக்கள் அளவுக்கு மிஞ்சி அழிந்தாலும் அப்பொருள் இரத்தத்திலேயே தங்கி, கண்ணின் வெண்பகுதியையும் தோலையும் மஞ்சளாக்கும். ஆகவே, கண் மஞ்சளித்த பத்துப் பேருக்குப் பத்து வெவ்வேறு காரணங்கள் இருத்தல் கூடும்.

கெட்ட தண்ணீராலும் உணவாலும் பரவும் கல்லீரல் அழற்சி ஒரு வகை. இதனை உண்டாக்கும் வைரஸ்கள் ஏ என்றும் ஈ என்றும் பெயரிடப்பட்டுள்ளன. இரத்தத்தின் மூலமும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும் பி வைரஸினால் வருவது மற்றொரு வகை. மதுபானத்தால் கல்லீரல் கெடுவது உண்டு. பித்தக்கல் குழாயை அடைப்பது உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை வயிற்றிற் சென்றாலும் கல்லீரல் சில நாட்களில் அழியும். சேற்று வயலில் வெறுங்காலோடு வேலை செய்பவர்களுக்கு மற்றொரு காரணம் முக்கியமாகச் சொல்லத்தக்கது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து காலிலுள்ள புண், வெடிப்பு வழியாக உட்புகும் எலிக்காய்ச்சல் கிருமி கடுஞ்சுரத்தையும், கெண்டைக்கால் வலியையும், கண் சிவப்பையும் உண்டாக்கி, முற்றினால் காமாலையையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிக்கும். காலத்தில் கொடுத்தால் பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்கு அக்கிருமி கட்டுப்படும். நடவுக் காலத்தில் சுரத்தோடு கண் மஞ்சளித்த ஓர் ஆளைப் பத்தியத்தில் கிடத்தி ஏழு நாள் பச்சிலை கொடுப்பது, அவனைக் காப்பாற்றக்கூடிய ஏழு நாட்களை வீணாக்குவதாகும்.

தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலாருக்கு, எந்த மருந்தும் கொடாவிடினும், சில வாரங்களில் தானே தணிந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனத்திற் கொண்டால், காமாலைக்கு ஊர்தோறும் ஒரு கைகண்ட மருந்து இருப்பதன் காரணம் விளங்கும். தானே தணியும் வியாதிக்கு எதைக் கொடுத்தாலும், கடைசியாகக் கொடுத்ததற்கே பெருமை சேரும். கீழாநெல்லி கொடுத்த வீட்டில் கீழாநெல்லி புகழ் பெறும். கையில் சூடு போட்ட வீட்டில் சூடு போட்டவர் புகழ் பெறுவார். குணமானவர் ஊரெங்கும் சொல்லிக்கொண்டு திரிவார். குணமாகாதவர் திரும்பி வந்து சாட்சி சொல்லுவதில்லை.

மருந்திடாப் பாத்தி

இத்தகைய மயக்கம் கழனியிலும் உண்டு. ஒருவர் புதிதாக ஓர் உரத்தை வாங்கி நிலம் முழுவதும் இடுகிறார். அவ்வாண்டு பருவமழை நன்றாகப் பெய்கிறது. விளைச்சல் மா ஒன்றுக்கு இரண்டு மூட்டை அதிகம் காண்கிறது. அவ்விரண்டு மூட்டையும் உரம் தந்ததா, மழை தந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பாத்தியை மாத்திரம் உரமிடாமல் விட்டு, மற்றெல்லாவற்றையும் ஒரேவிதமாகச் செய்திருந்தால் சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843-ஆம் ஆண்டு முதல் கோதுமை விளைவிக்கப்பட்டுவரும் ஒரு கழனியில், தொடக்கமுதல் எவ்வித எருவுமிடாத ஒரு பகுதி இருந்துவருகிறது. கோயம்புத்தூரில் 1909-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையான உரச் சோதனைப் பாத்திகளிலும் உரமிடாப் பாத்தி ஒன்று உண்டு. பார்வைக்கு இளைத்துக் கிடக்கும் அப்பாத்தியே மற்றப் பாத்திகளுக்கெல்லாம் அளவுகோல்.

உரமிடாப் பாத்தி ஒன்று இருந்தால் மட்டும் போதாது. மேட்டுப் பகுதியை உரமின்றி விட்டு, வண்டல் படிந்த பள்ளப் பகுதிக்கு உரமிட்டால் ஒப்பீடு பொய்யாகும். எந்தப் பாத்திக்கு உரம், எதற்கு இல்லை என்பதைச் சோதிப்பவரின் விருப்பப்படி விடாமல் சீட்டுப் போடுவதுபோல் தீர்மானிக்கவேண்டும் என்றும், ஒவ்வொன்றையும் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்றும் வகுத்தவர் ஆர். ஏ. பிஷர் என்னும் கணித அறிஞர். அவர் 1919-ஆம் ஆண்டில் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் சேர்ந்து, அங்கிருந்த பயிர்க் கணக்குகளை ஆராய்ந்து இம்முறைக்கு உருக் கொடுத்தார். வைத்திய உலகம் அதனைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை இவ்விதமாகச் சீட்டு முறையிற் பிரித்துச் சோதித்த முடிவு 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. இன்று மருந்துச் சோதனையென்று பெயர் பெற்றிருப்பதன் வேர் இவ்வாறு கோதுமைக் கழனியிலும் ஓடியிருக்கிறது.

பயிருக்கும் மனிதனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தனக்கு உரமிட்டார்களா இல்லையா என்று நெற்பயிருக்குத் தெரியாது. மனிதனோ மருந்து உட்கொண்டோம் என்ற எண்ணத்தினாலேயே தேறுதல் அடைகிறான். அன்றியும், சோதனை செய்பவர் தம்மையறியாமலே மருந்துண்டவனிடம் குணத்தைக் காண்பார். ஆகையால் ஒரு சாராருக்கு மருந்தையும், மற்றொரு சாராருக்கு அதைப்போன்ற தோற்றமுடைய வெறும் குளிகையையும் கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதை முடிவு வரையில் மறைத்துவைப்பர். வெறும் குளிகை பெற்றவர்களே வைத்தியத்தின் உரமிடாப் பாத்தி.

ஆராய்ச்சி நடந்த விதம்

கீழாநெல்லியின் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் டி. ஆர். சேஷாத்ரி. குளித்தலையிற் பிறந்த இந்த இரசாயன நிபுணர், வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, தம்மோடு பணியாற்றிய கிருஷ்ணமூர்த்தியுடன் 1946-ஆம் ஆண்டில் பில்லாந்தின் என்னும் அப்பொருளைப் பற்றி எழுதினார். ஹைப்போபில்லாந்தின் என்பது அதனையொத்த மற்றொரு பொருள். பின்னர் எலி முதலிய பிராணிகளுக்குக் கார்பன் டெட்ரா குளோரைடு போன்ற கல்லீரலைக் கெடுக்கும் விஷங்களைக் கொடுத்து, கீழாநெல்லிச் சாறு அக்கேட்டைக் குறைப்பதைப் பலர் கண்டனர். இச்சோதனைகள் பலவற்றில் மூலிகை விஷத்துக்கு முன்னரே கொடுக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. வியாதி வந்தபின் மருந்து தேடும் மனிதனின் நிலை வேறு.

பெரிய திருப்பம் 1987-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பி வகைக் கல்லீரல் அழற்சியின் வைரஸைக் கண்டறிய வழிகாட்டி 1976-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞரும், அவரோடு பிலடெல்பியாவில் பணியாற்றிய வெங்கடேஸ்வரன், மில்மன் என்பவர்களும், இம்மூலிகையின் சாறு அவ்வைரஸ் பெருகுவதற்கு வேண்டிய நொதியைத் தடுக்கிறதென்று சோதனைக் குழாயிற் கண்டனர். மனிதருடைய பி வைரஸைப் போன்ற ஒரு வைரஸ் பற்றும் வுட்சக் என்னும் கொறிக்கும் பிராணிகளுக்கு இச்சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோதும் நம்பிக்கை தரும் பலன் தெரிந்தது.

அடுத்த ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோர், பிளம்பெர்க் குழுவினரின் துணையோடு மனிதரிடம் செய்த சோதனையின் முடிவு லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. பி வைரஸை நெடுநாளாக உடலில் தாங்கியிருப்பவர்களுக்கு, நிழலிலே உலர்ந்த பச்சிலையைப் போல எளிய முறையிற் பக்குவம் செய்த இம்மூலிகைத் தூள் 30 நாள் கொடுக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக மற்றவர்களுக்கு வெறும் குளிகை கொடுக்கப்பட்டது. சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாட்களுக்குள் இரத்தத்தைச் சோதித்ததில், மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் பொருள் மறைந்திருந்தது. வெறும் குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மாத்திரமே அவ்வாறு மறைந்தது. அதாவது நூற்றுக்கு 59-க்கு எதிரே 4. இவ்வைரஸை நெடுநாள் தாங்கியவரிடம் அது தானே நீங்குவது ஆண்டொன்றுக்கு நூற்றில் சுமார் ஒருவருக்கே என்பதை நோக்க, இது வியப்புக்குரிய முடிவு. செய்தி உலகெங்கும் பரவியது. ஆராய்ச்சியாளர்களோ தங்கள் சோதனையை ஓர் ஆரம்பச் சோதனை என்றே குறித்திருந்தனர். சேர்க்கப்பட்டோர் தொகை சிறிது. கவனித்த காலமும் குறுகியது.

ஒரே பண்ணையில் ஒரு பருவம் நல்ல விளைச்சல் தந்த விதையை உடனே மாகாணம் முழுவதற்கும் சிபாரிசு செய்வது வழக்கமன்று. வேறு மண்ணிலும் வேறு பருவத்திலும் விதைத்துப் பார்ப்பர். இங்கும் அப்படியே நடந்தது. 1990-ஆம் ஆண்டில் தாய்லாந்திலிருந்து வந்த முடிவு, அறிகுறியின்றி வைரஸைத் தாங்கியவர்களிடம் கீழாநெல்லி அதனை நீக்கவில்லை என்பதாயிருந்தது. 1994-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வெளிவந்த முடிவுகளும் அவ்வாறே ஏமாற்றம் அளித்தன. சென்னையில் நூற்றுக்கு 59 பேரிடம் கண்ட பலன் பிற இடங்களில் ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

2011-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் உலகளாவிய மருத்துவ ஆய்வுக் குழுவினர், பி வைரஸுக்கு இவ்வின மூலிகைகளைச் சீட்டு முறையிற் சோதித்த 16 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தனர். அவற்றில் மொத்தம் 1,326 நோயாளிகள் இருந்தனர். இவற்றுள் வெறும் குளிகையோடு நேராக ஒப்பிட்டது ஒரே ஒரு சோதனை. அதில் 42 பேர். அதில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. மற்றப் பதினைந்தும் வைரஸ் மருந்தோடு மூலிகையையும் சேர்த்துக் கொடுத்தவை. அவற்றிற் சிறிது நன்மை தெரிந்தபோதிலும், சோதனைகள் நடத்தப்பட்ட முறையில் குறைகள் மலிந்திருந்தமையால் அதனை நம்பி முடிவு கூற முடியாது என்று அவர்கள் எழுதினர். ஆகவே, இன்றைய நிலையில் கீழாநெல்லி பி வைரஸை நீக்கும் என்பது மெய்ப்பிக்கப்படாத விஷயம்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. சென்னைச் சோதனை வைரஸைத் தாங்கியிருப்பவர்களைப் பற்றியது; கண் மஞ்சளித்தவர்களைப் பற்றியதன்று. வைரஸைத் தாங்குபவர் பெரும்பாலும் நோயே இல்லாதவர் போல் உழைத்துக்கொண்டிருப்பார். அச்சோதனையைக் காட்டிக் காமாலைக்குக் கீழாநெல்லி கைகண்ட மருந்தென அமெரிக்கரே ஒப்புக்கொண்டதாக விளம்பரம் செய்வது முறையன்று. நெல்லுக்குச் செய்த உரச் சோதனையைக் காட்டிக் கரும்புக்கு உரம் விற்பதைப் போன்றது அது.

பி வைரஸ் அற்ப விஷயமுமன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இதனைத் தாங்கியிருந்தனர். அவ்வாண்டில் 11 லட்சம் பேர் இதனால் மாண்டனர். இதைத் தடுக்கும் ஊசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடவேண்டும். இந்தியாவில் 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசீயத் திட்டத்தின் கீழ் இவ்வைரஸுக்குப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாக அளிக்கப்படுகின்றன. பச்சிலை உண்பவரும் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது. கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள், சுரமும் மஞ்சளும் சேர்ந்து கண்டவர்கள், புத்தி தடுமாறுகிறவர்கள், இரத்தம் கக்குகிறவர்கள், மலம் வெளுத்து உடல் அரிப்பவர்கள் ஆகியோரை ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். தண்ணீரால் வரும் ஈ வகை அழற்சி கர்ப்பிணிகளின் உயிரைக் குடிப்பது பலமுறை காணப்பட்ட விஷயம்.

எந்தக் கீழாநெல்லி?

முடிவுகள் மாறுபட்டதற்குச் சென்னைச் சோதனை சிறிதாயிருந்ததும், தற்செயலும் காரணமாக இருக்கலாம். மற்றொரு காரணமும் சொல்லப்பட்டது: ஒவ்வோரிடத்திலும் கொடுத்த செடி ஒன்றுதானா என்பதே அது. இது நியாயமான கேள்வி. ஆனால், செடி வேறு என்று சொல்லுவது எளிது. அதனைக் காட்டுவதற்கு, முதலிற் கொடுத்த செடியின் மாதிரி, பறித்த இடம், பறித்த பருவம், அதிலிருந்த கசப்புப் பொருளின் அளவு ஆகிய இவையனைத்தும் குறித்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய ஆராய்ச்சிகள் பலவற்றில் இவை இல்லை.

பெயரிலேயே குழப்பம் இருந்தது. நெடுநாள் வரையில் இந்தியப் புத்தகங்கள் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்று குறித்து வந்தன. அப்பெயருக்கு உரிய செடியோ அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு வயல்களில் வளர்வது பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் கசப்புடையது என்று பொருள். இதைத் தவிர, ஒரே வரப்பில் ஒருங்கே முளைத்து, ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் உறவுச் செடிகள் ஐந்தாறு உண்டு. தென்னிந்தியாவில் மூலிகைக் கடைகளிலிருந்து வாங்கிய கீழாநெல்லியை ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், நூற்றுக்கு 76 பங்குக் கடைச் சரக்கு அமாரஸாக இருந்தது. எஞ்சிய 24 பங்கில் வேறு ஐந்து இனங்கள் கலந்திருந்தன. கடைக்காரர் வேண்டுமென்றே கலந்தார் என்று கொள்ளவேண்டுவதில்லை. பறித்துக் கட்டி விற்றவர்கள் பச்சையாயிருந்ததையெல்லாம் சேர்த்துக் கட்டியிருப்பர். உலர்ந்து நொறுங்கியபின் கண்ணால் பிரிப்பது எளிதன்று. நோயாளியின் குடலுக்குள் போவது எது என்பது ஏலக்கடையிலோ மருந்துச் சாலையிலோ தீர்மானிக்கப்படவில்லை. பறித்தவர் கையிலேயே தீர்ந்துவிட்டது.

ஆகவே பறிப்பவர் அடையாளம் அறிந்திருத்தல் அவசியம். உண்மையான கீழாநெல்லி ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை நிமிர்ந்து வளரும். தண்டு பச்சை நிறம். பக்கக் கிளைகள் மெல்லியவாய், இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக அமைந்து, பார்வைக்குப் புளியிலைபோல் தோன்றும். இலைகள் மேலே மழுங்கிய நீள்வட்டமானவை, மாலையிற் கூம்பும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் சிறு காம்புகளில் கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் காய்கள் தொங்கும். காயின் மேல் வழவழப்பாக இருக்கும். பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கின் இதழ் ஐந்து எண்ணலாம். கிளையின் பெரும்பாலான கணுக்களில் ஆண்பூவும் பெண்பூவும் ஒன்றாக நிற்கும். இலையை மென்றால் கசக்கும்.

சிவப்புக் கீழாநெல்லி என்று சிலர் வழங்கும் யூரினேரியா இனத்தில் தண்டு செம்மை பாய்ந்திருக்கும். காய் காம்பின்றிக் கிளையோடு ஒட்டிக்கொண்டு, மேல் சொரசொரப்பாக இருக்கும். விதையைப் பார்த்தால் சந்தேகம் தீரும்: அமாரஸின் விதையில் வரிகள் நீளவாக்கிலும், இதில் குறுக்காகவும் ஓடும். மேலாநெல்லியின் இலை அடியில் ஒடுங்கி நுனியில் அகன்று ஆப்பு வடிவாக இருப்பதால் பழகிய கண்ணுக்கு ஏமாற்றம் இல்லை. இதற்கு நூலார் இட்ட பெயர் மடராஸ்பட்டென்சிஸ், அதாவது சென்னைப்பட்டினத்துச் செடி. உண்மையிற் கடினமானவை பிராட்டெர்னஸ், டெபிலிஸ் என்னும் இரண்டும். தோற்றத்தில் இவை கீழாநெல்லியே. பூவிதழை எண்ணினால் மாத்திரம் ஐந்துக்குப் பதில் ஆறு காணும். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் விலை ஒரு மூட்டைச் சரக்கு தள்ளுபடியாவதால் வரும் நஷ்டத்துக்கு முன் ஒன்றுமில்லை.

பயிரும் பக்குவமும்

கலப்பைத் தவிர்ப்பதற்கு நேரான வழி, கண்ட இடத்தில் பறிப்பதை விட்டுத் தனியே பயிர் செய்வது. விதை தூசி போன்றது. காய் வெடித்துச் சிதறுமுன் செடியைப் பிடுங்கித் துணியில் உலர்த்தினால் விதை துணியிலேயே தங்கும். மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, மேலே கனமாக மண் மூடாமல், பூவாளியால் தண்ணீர் தெளிக்கவேண்டும். நாற்று நான்கைந்து அங்குலம் வளர்ந்தபின் சுமார் அரையடிக்கு ஒன்றாக நடலாம். வடிகால் வசதியுள்ள, மக்கிய தொழு உரமிட்ட நிலம் ஏற்றது. களையெடுப்பதே இதில் பெரிய வேலை. ஒரு களையைப் பயிராக்கியபின் அதன் உறவுக் களைகளைப் பிரித்தெடுப்பது சற்று வேடிக்கையான வேலையுமாகும். இதழ் எண்ணிப் பார்த்து அயல் இனங்களைப் பூக்கும் பருவத்திலேயே அகற்றாவிடில், அவற்றின் விதை அடுத்த போகத்திலும் தொடரும்.

நட்ட மூன்று மாதத்துக்குள், செடி பச்சையாகவும் காய் நிறைந்தும் இருக்கும்போது அறுவடை செய்யவேண்டும். பில்லாந்தின் முதலிய கசப்புப் பொருள்கள் பெரும்பாலும் இலையிலேயே உள்ளன, தண்டில் குறைவு. இலை பழுத்து உதிரும்வரை காத்திருப்பவர் எடையைப் பெறுவார், மருந்தை இழப்பார். வைத்திய முறையில் சமூலமாக, அதாவது வேர் முதல் இலை வரை முழுச்செடியாகக் கேட்பவர்களுக்கு வேரைத் தண்ணீரில் அலசி மண் போக்கித் தரவேண்டும். சாக்கடை ஓரத்திலும், பெருவீதி ஓரத்திலும், பூச்சிமருந்து தெளித்த பருத்தி, மிளகாய்த் தோட்டங்களிலும் முளைத்ததை எக்காரணத்தாலும் சேர்க்கக்கூடாது. நோயுற்ற கல்லீரலுக்கு விஷம் கலந்த பச்சிலையைக் கொடுப்பதைவிட ஒன்றும் கொடாமலிருப்பது மேல்.

பறித்த செடியைக் குவித்துவைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். தரையில் நேராகப் பரப்பாமல் பாய் அல்லது கித்தான் மேல் மெல்லியதாகப் பரப்பி, வெயிற் கடுமை இல்லாத காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, தண்டு ஒடித்தால் முறியும் பதத்தில் கோணிப்பையிற் கட்டவேண்டும். உலரும்போது உதிரும் இலையைக் கூட்டித் தள்ளிவிடாமல் பையிலேயே சேர்க்கவேண்டும். கூலியாட்கள் குப்பையென்று பெருக்கிவிடுவது அதைத்தான்.

ஒவ்வொரு அறுவடையிலும் பூவும் காயும் உள்ள இரண்டு மூன்று செடிகளை முழுதாக எடுத்து, பழைய செய்தித்தாளின் மடிப்பில் வைத்துப் பலகையால் அழுத்தி உலர்த்தி, நிலத்தின் பெயர், நட்ட தேதி, பறித்த தேதி, இட்ட உரம் ஆகியவற்றை எழுதிய துண்டோடு சேர்த்து வைத்திருக்கவேண்டும். வாங்குபவர் கேட்டால் ஒரு தாளை அவருக்குக் கொடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஈரம் தாக்காத தகரப் பெட்டியில், இரண்டொரு வேப்பிலைச் சருகு போட்டுவைத்தால் அத்தாள் பல ஆண்டுகள் கெடாமலிருக்கும்.